பத்து எழுத்துக்காக ஏரியைத் திறந்தவன்

சிலருக்கு மலையைப் பார்த்தால் பிரமிப்பு வரும், சிலருக்குக் கடலைப் பார்த்தால். எனக்கு ஒரு சாண் அகலத்துக்கு அச்சடித்த குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பார்த்தால்தான் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். இந்த வயதிலும் அப்படித்தான். மனிதன் கப்பல் கட்டினான், ரயில் விட்டான், எல்லாம் சரி. ஆனால் ஒன்றைக் கண்ணுக்கு நேரே வைத்து, கையிலும் கொடுத்து, 'இந்தா, இதற்குள் ஒன்று இருக்கிறது, முடிந்தால் பார்' என்று சொல்லிவிட்டு ஊர் ஊராக ஜனங்களைக் கண்ணிருந்தும் குருடர்களாக உட்கார வைக்கிற மூளை ஒன்று இருக்கிறதே, அதன் முன்னால் நான் தடாலென்று விழுவேன். (ஒரு முறை விழுந்தும் இருக்கிறேன். தண்ணீரில்.)

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. பருத்திப்பட்டில் எங்களுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை இருந்தது. நான் எட்டாவது வரை படித்துவிட்டு, நைனாவோடு வயலில் வேலை செய்வதுபோல் நின்றுகொண்டிருந்தேன். நிற்பது மட்டும்தான் என் வேலை, குனிவதெல்லாம் நைனா. மீதி நேரத்தில் ஆவடி ஸ்டேஷன் பக்கம் இருந்த சலூனுக்கு நடந்துவிடுவேன். அங்கே ஒரு வாரப் பத்திரிகை வரும். (பத்திரிகையின் பெயர் வேண்டாம். ஆசிரியரின் பேரன்கள் யாராவது இதைப் படித்துவிட்டு வீடு தேடி வரப்போகிறார்கள்.) அதில் வாராவாரம் குறுக்கெழுத்துப் போட்டி. அதை அமைக்கிறவர் 'மூடுமந்திரம்' என்று கையெழுத்துப் போடுவார். அவர் யார், எந்த ஊர், கிழவரா, வாலிபரா, ஒருவருக்கும் தெரியாது.

சலூன்காரர் ரொம்பக் கறார். பத்திரிகையை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், கிழிக்கக் கூடாது, எடுத்துப் போகக் கூடாது, அதன்மேல் பென்சில் வைத்தால் பாதி முகத்தில் சோப்போடு வெளியே அனுப்பிவிடுவார். அதனால் நான் கட்டம் போட்ட காகிதத்தில் போட்டியை எழுதிக்கொண்டு வருவேன். கறுப்புக் கட்டங்களை மை தீட்டி நிரப்ப யாரால் ஆகும்? மை என்ன ஏரித் தண்ணீரா? அந்த இடத்திலெல்லாம் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவேன். இந்தச் சிக்கனத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையை அது ஒரு புரட்டுப் புரட்டப்போகிறது.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு மூடுமந்திரம் ஒரு விசேஷப் போட்டி வைத்தார். முதல் பரிசு ஒரு புது சைக்கிள். வழக்கம்போல் குறுக்கும் நெடுக்குமாகச் சொற்களை நிரப்ப வேண்டும்; அது பெரிய காரியமில்லை. நிரப்பிய பிறகுதான் வினையே. கட்டத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருந்தார்: 'எல்லாவற்றையும் நிரப்பிவிட்டீர்களா? சந்தோஷம். இந்தக் கட்டத்துக்குள் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. அது என்ன? பத்து எழுத்து. கிட்டே இருப்பவனுக்கு அதனால் பயனில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு அதுதான் உயிர்.' அவ்வளவுதான். வேறு ஒரு குறிப்பும் கிடையாது. புதிரை முடித்தால்தான் அதற்குள் இருக்கிற இன்னொரு புதிர் ஆரம்பிக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படியும் ஒரு மனிதன் யோசிப்பானா என்று சலூன் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இதில் எனக்கு சைக்கிளைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. பூந்தமல்லியில் வரதராஜ மாமா என்று அம்மா வழியில் எங்களுக்கு உறவு. மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். தினமும் அவருடைய பூவண்டி மெட்ராஸுக்குப் போகும், திரும்பும்போது பத்திரிகையோடு வரும். மனுஷர் குறுக்கெழுத்துப் பைத்தியம். அவருக்கு ஒரே பெண், மரகதம். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து, "கட்டம் போடுறவரு நீங்கதானா?" என்று கேட்டாள். என் வாயில் லட்டு இருந்தது. லட்டு இல்லாவிட்டாலும் பதில் வந்திருக்காது. அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது: கட்டினால் இவளைத்தான் கட்டுவது.

மாமாவுக்கு என்மேல் அபிப்பிராயம் இருந்தது. ஆனால் அவருடைய வீட்டுக்கார அம்மா, அதாவது அத்தை, ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தாள். அவனுக்குத் தொப்பி உண்டு, பித்தளைப் பொத்தான் உண்டு, முதல் தேதி வந்தால் சம்பளம் உண்டு. எனக்குப் பெருக்கல் குறி போட்ட காகிதம் உண்டு. மாமா சொல்லி அனுப்பினார்: வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரும் அத்தையும் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் மூடுமந்திரத்தின் உள் விடையை நான் கண்டுபிடித்து வைத்தால் அத்தையிடம் எனக்காக அவர் வாயைத் திறப்பார், இல்லாவிட்டால் ரயில்தான். போட்டிக்குக் கெடுவும் திங்கட்கிழமை மாலைதான்.

பிறகு நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? முதலில் மூலைக்கு மூலை எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தேன். வாயில் நுழையாத ஏதோ வந்தது. தலைகீழாக வாசித்தேன். ஒன்று விட்டு ஒன்று எடுத்தேன். கேள்வி எண்களைக் கூட்டி, பஞ்சாங்கத்தில் அந்த நாழிகைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தேன். (அன்றைக்குத் தெற்கே சூலம் என்று போட்டிருந்தது. பூந்தமல்லி எங்களுக்குத் தெற்கே. எப்படி இருக்கும் எனக்கு?) கட்டத்துக்குப் பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம் ஒன்று அச்சாகியிருந்தது. அதில் இருந்த அம்மாள் ஒரு விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த விரல் எந்தக் கட்டத்தைக் காட்டுகிறது என்று கண்டுபிடிப்பதற்காக மறுபடியும் ஆவடிக்கு நடந்து, சலூனில் அளவுகோல் வைத்து அளந்தேன். விரல் நேராகப் போய் 'ங்' என்ற எழுத்தில் முட்டியது. ஒற்றை 'ங்' ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்தில் யார் என்ன செய்ய முடியும்?

ஒவ்வொரு தப்பான வழியும் கொஞ்ச தூரம் சரியாகவே போகும். அதுதான் மூடுமந்திரத்தின் மகிமை. நாலு எழுத்து ஒழுங்காகச் சேரும், சோறு இறங்காது, ஐந்தாவது எழுத்தில் மனுஷன் காலை வாரிவிடுவார். எனக்குக் கோபமே வரவில்லை. வாரிவிடப்பட்ட இடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அன்று, மாட்டுக்குப் புல் அறுக்கிற நேரத்தில், எனக்கு ஞானம் பிறந்தது. கிட்டே இருப்பவனுக்குப் பயனில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு உயிர். அடடா, இது எங்கள் ஊர் வழக்கமல்லவா? எங்கள் ஏரியில் எப்போது தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்குத்தான் முதல் பாய்ச்சல். ஏரியை ஒட்டி இருக்கிற வயல்காரன் கண்ணெதிரே தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்க வேண்டும். கடைசி வயல் நனைந்த பிறகுதான் அவனுக்கு முறை. நைனாவின் வயல் மதகுக்கு நேர் கீழே. கிட்டே இருந்தும் பயனில்லாதவன் யார் என்று எங்கள் குடும்பத்துக்கா சொல்லித் தர வேண்டும்? கட்டத்துக்குள் நின்றுகொண்டிருப்பது மதகு. சந்தேகமே இல்லை.

உடனே காகிதத்தை எடுத்துக் குறுக்கே தேடினேன். 'ப' இருந்தது. 'ரு' இருந்தது. கொஞ்சம் தள்ளி 'தி' இருந்தது. மீதி எழுத்துகளை அக்கம்பக்கத்துக் கட்டங்களில் கைமாற்றாக வாங்கிக்கொண்டேன். பருத்திப்பட்டு! மெட்ராஸில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் எங்கள் ஊர் மதகை எப்போது வந்து பார்த்தார், எதற்காகப் பார்த்தார் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. எப்படிப்பட்ட மேதை, எங்கள் ஊரைக்கூட விட்டுவைக்கவில்லையே என்றுதான் மெய்மறந்தேன்.

ஒன்றுதான் இடித்தது. 'மதகு' மூன்று எழுத்து. விடைக்குப் பத்து வேண்டும். அப்போதுதான் ஊரில் சொல்கிற பேச்சு ஞாபகம் வந்தது. எங்கள் மதகு பழைய காலத்து மதகு. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள். அவற்றின்மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். அந்தக் கல்லில் உள்ள துளை வழியாக ஒரு நீளக் கம்பம் கீழே இறங்கும். அதன் அடியில் உள்ள கட்டை, தண்ணீர் வெளியே போகிற வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். கம்பத்தைத் தூக்கினால் மதகு திறக்கும், இறக்கினால் மூடும். அந்தத் தூணில் மதகின் பழம்பெயர் செதுக்கியிருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். கார்த்திகை மழையில் ஏரி தளும்பி நின்றதால் தூணின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. பத்தெழுத்துப் பெயர் தண்ணீருக்குள் இருந்தது.

என் திட்டம் எளிமையானது. கம்பத்தை ஒரு முழம் தூக்குவது. தண்ணீர் ஒரு சாண் இறங்கும். பெயரைப் படிப்பது. மூடிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, விருந்தாளிகளை வரவேற்பது. (அவ்வளவு பெரிய ஏரியை ஒரு மதகு வழியாக ஒரு சாண் இறக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று எங்கள் ஊர் எருமைகளுக்குக்கூடத் தெரியும். அவை குறுக்கெழுத்துப் போடுவதில்லை.)

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது நழுவினேன். வேட்டியைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, கோவணத்தோடு நீந்திப் போய்ப் பலகைக்கல்மேல் ஏறினேன். கம்பத்தைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. ஊரில் அந்தக் கம்பத்தைத் தொடுகிற உரிமை ஒரே ஆளுக்குத்தான், நீர்க்கட்டி கன்னியப்பனுக்கு. ஏரித் தண்ணீரைத் திறந்து, மூடி, வயல் வயலாகப் பங்கிட்டு விடுவது அவன் பொறுப்பு. அவனாலேயே துணைக்கு ஆள் இல்லாமல் தூக்க முடியாது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மூச்சைப் பிடித்து, மரகதத்தை நினைத்து, மறுபடி ஒரு இழுப்பு இழுத்தேன்.

ஒரு முழம் என்றா சொன்னேன்? ஏதோ ஒரு பிடி விட்டது. கம்பம் விருட்டென்று மேலே வந்துவிட்டது. அடியில் ஏரி 'ஹோ' என்று ஒரு சத்தம் போட்டது. இறக்கிப் பார்த்தேன். தண்ணீர் இழுக்கிற இழுப்பில் கட்டை வாயில் உட்காராமல் வழுக்கிக்கொண்டே போனது. கையை விட்டால் கம்பம் ஏரியோடு போய்விடும். விடாவிட்டால் நான் அங்கேயே இருக்க வேண்டியதுதான். இருந்தேன். கம்பத்தைக் கட்டிக்கொண்டு, கல்மேல் குந்தி, கரைக்கு முதுகைக் காட்டியபடி.

கதிர் வாங்குகிற பருவம். வயலில் போதுமான தண்ணீர் ஏற்கெனவே நின்றது. அதன்மேல் இது பாய்ந்தால் பயிர் சாய்ந்துவிடும். சாயப் போகிற முதல் வயல் யாருடையது என்று சொல்ல வேண்டுமா? நைனாவுடையதுதான். அந்த வயலுக்கு வாழ்நாளில் முதல்முறையாக முதல் பாய்ச்சல் கிடைத்தது.

கால்வாயில் திடீரென்று தண்ணீர் வருவதைப் பார்த்து முதலில் ஓடி வந்தவன் கன்னியப்பன். கரையில் நின்று என்னைப் பார்த்தான். "டேய் ஏகாம்பரம், அங்க இன்னாடா பண்ணிக்கினு கீறே?" என்றான். பெயர் படிக்க வந்தேன் என்றேன். அவன் திரும்பி ஓடினான். அடுத்த நிமிஷம் பறைச் சத்தம் கேட்டது. ஏரிக்கு ஆபத்து என்றால் எங்கள் ஊரில் அடிக்கிற அடி அது. அதைக் கேட்டால் சோற்றில் வைத்த கையைக் கழுவாமல் வர வேண்டும், ஆளுக்கு ஒரு கட்டு வைக்கோலும் மண்வெட்டியுமாக. வந்தார்கள். மொத்த ஊரும் வந்தது. அம்மா மட்டும் மாவுக் கையோடு வந்தாள். ஏரி உடையவில்லை, ஏகாம்பரம்தான் என்று தெரிந்ததும் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஏரிக்கரையில் நின்று திட்டினால் தண்ணீர்மேல் எவ்வளவு தெளிவாக வருகிறது தெரியுமா? ஒரு சொல் சிந்தவில்லை.

பூந்தமல்லியிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற வழியே அந்த ஏரிக்கரைதான். மாமாவின் வில்வண்டி அந்த நேரம் பார்த்து வந்து நின்றது.

அத்தை இறங்கினாள். மாமா இறங்கவில்லை, வண்டியிலேயே எழுந்து நின்று பார்த்தார். கூட்டம் அடங்கியது. அத்தை என்னைக் காட்டி, அது யார் என்று நைனாவிடம் கேட்டாள். என் நைனா பொய் சொல்லாதவர். கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னால்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று உண்மையைத்தான் சொல்வார். அன்றைக்கு ஏரியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியலீங்க, யாரோ வெளியூர் ஆளு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. மரகதம் போனாள், ரயில் கூவிக்கொண்டு அவளை ஏற்றிக்கொண்டு போகிறது என்று கண்ணெதிரே தெரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, மூடுமந்திரம் சொன்னது இந்த மதகைத்தான்" என்று கத்தினேன். கிட்டே இருப்பவன், தூரத்தில் இருப்பவன், கடைமடை, முதல் பாய்ச்சல், எல்லாவற்றையும் தண்ணீருக்குமேலே விளக்கினேன். ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பேய் அடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மாமாவுக்கு மட்டும் புரிந்தது. அவர் மடியிலிருந்து பத்திரிகைத் தாளை எடுத்தார். என்னோடு விடைகளை ஒத்துப் பார்க்க என்று கொண்டு வந்திருந்தாராம். அதை இரண்டு கையாலும் விரித்து, வண்டிமேல் நின்றபடி எனக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"இதுலயா மதகு கீது? எங்க கீது, காட்டு பாப்போம்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு எழுத்தும் தெரியவில்லை. ப இல்லை, ரு இல்லை, ங் இல்லை. நான் ஆகாரமில்லாமல் மேய்ந்த வெள்ளைக் கட்டங்கள் அத்தனையும் ஒன்றாகக் கலந்து வெறும் காகிதமாகிவிட்டன. கறுப்புக் கட்டங்கள் மட்டும்தான் நின்றன. நடுவில் அடியிலிருந்து உச்சிவரை ஒரு கோபுரம். அடி அகலம், போகப் போகக் குறுகல். உச்சியில் ஒரு கூண்டு. கூண்டிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து விரிகிற கோடுகள். சின்ன வயதில் மெட்ராஸுக்குப் போனபோது, ஐகோர்ட்டுக் கட்டடத்தின் உச்சியைக் காட்டி நைனா சொல்லியிருக்கிறார், அங்கேதான் கப்பல்காரனுக்கு விளக்கு எரிகிறது என்று. அடியில் நடக்கிற நமக்கு அதனால் என்ன பயன் என்று நான் கேட்டேன். ஒன்றுமில்லை, தூரத்தில் கடலில் இருக்கிறவனுக்குத்தான் என்றார்.

எனக்கு உடம்பு ஆடிப்போயிற்று. மூடுமந்திரம் எதையும் ஒளித்து வைக்கவே இல்லை. தாள் முழுக்க, பட்டப்பகலில், மை பூசி நிறுத்தி வைத்திருந்தார். எழுத்து இல்லாத இடம் என்று உலகமே தள்ளிவிடுகிற கட்டங்களில் வைத்திருந்தார். நானோ மையை மிச்சம் பிடித்து, அந்தக் கோபுரத்தைப் பெருக்கல் குறி பெருக்கல் குறியாக என் கையாலேயே இடித்துவிட்டு, இடிபாட்டில் எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கிட்டே இருப்பவனுக்குப் பயனில்லை என்று முன்கூட்டியே எச்சரித்தும் இருக்கிறார், மகானுபாவர். ஊர் திட்டுவது எனக்குக் கேட்கவில்லை. கோவணம் ஞாபகமில்லை. அந்த இடத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம், இதைப் பார்க்கக் கண் கொடுத்தானே கடவுள் என்பதுதான்.

"மாமா, கலங்கரை விளக்கம்" என்று கத்தினேன். சரிதானா என்று எண்ண வேண்டாமா? பத்து எழுத்தை எண்ணுவதற்கு இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையையும் எடுத்தேன். க, ல, ங் வரைக்கும் எண்ணினேன். கம்பம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஏரிக்குள் போய்விட்டோம்.

கன்னியப்பனும் இன்னும் நாலு பேரும் குதித்து முதலில் கம்பத்தைக் காப்பாற்றினார்கள். (சரியான முடிவு. நான் நீந்துவேன், கம்பம் நீந்தாது.) கட்டையில் வைக்கோல் பிரியைச் சுற்றி வாயில் திணித்து, கம்பத்தை நிறுத்தி, அது மேலே வராமல் இருக்க ஒரு பாரம் வேண்டும் என்று என்னையே அதன்மேல் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து கரையைப் பார்த்தபோது மாமாவைக் காணவில்லை. வண்டி திரும்பிப் பூந்தமல்லி பக்கம் பறந்துகொண்டிருந்தது. அத்தை கரையிலேயே நின்றாள். பெண்டாட்டியை இறக்கிவிட்டதைக்கூட மறந்துவிட்டுப் போயிருந்தார்.

அத்தையை வீட்டுக்கு அழைத்துப் போய் இலை போட்டார்கள். வடையும் பாயசமும் சாப்பிட்டாள். சாப்பிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "என் ஊட்டுல ஒரு கட்டப் பைத்தியம் கீது. அதுக்கே ஆக்கிப் போட முடியல. இன்னொண்ணு வேணாம்மா." நைனா மாட்டு வண்டியைப் பூட்டி அத்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் அறுவடை வரைக்கும் என்னோடு பேசவில்லை. சாய்ந்த பயிரை நிமிர்த்திக் கட்டுவதற்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போவார், குனி என்று சைகை காட்டுவார். அந்த வருஷம்தான் நான் குனியக் கற்றுக்கொண்டேன். ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஏரி வற்றும்வரை நான் கன்னியப்பனுக்கு எடுபிடியாகக் கரையைக் காவல் காக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவன் என்னை விரட்டிய விரட்டில் ரயில்வே வேலையே தேவலாம் போலிருந்தது.

கரையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா ஏன் ஓடினார்? என்னைப் பார்த்து வெறுத்துப்போய் ஓடினாரா, என் விடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாரா? போட்டிக்கு அனுப்ப, பத்திரிகையில் வந்த கட்டத்தையே வெட்டி அனுப்ப வேண்டும். தாள் அவரிடம் இருந்தது. என்னிடம் இருந்தது பெருக்கல் குறி.

முடிவு வந்த வாரம் சலூனில் ஒரு கன்னம் சிரைத்து, மறு கன்னம் சோப்போடு இருந்தபோது பக்கத்தைப் புரட்டினேன். சரியான விடை: கலங்கரை விளக்கம். முதல் பரிசு சைக்கிள்: பூவிருந்தவல்லி, குமாரி மரகதம். அட திருட்டு மாமா, விடையும் போச்சு, பெண்ணும் போச்சு, சைக்கிளும் போச்சா? துண்டை உதறிவிட்டு அப்படியே பூந்தமல்லிக்கு நடந்தேன். நடந்தேனா, ஓடினேனா தெரியாது. சோப்பு காய்ந்து வழியெல்லாம் கன்னம் இழுத்தது.

மாமா தோட்டத்து வாசலில்தான் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பாதி சிரைத்த கன்னத்தைப் பார்த்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்: "மாப்ளே, என் பேர்ல போட்டா உனக்கு அநியாயம். உன் பேர்ல போட்டா எனக்கு அநியாயம், தாளு என்னுது. அதான் பொண்ணு பேர்ல போட்டேன்." அன்றைக்கு ஓடியது ஏன் என்றால், மத்தியானப் பூவண்டி மெட்ராஸுக்குக் கிளம்புவதற்குள் விடையை அதில் அனுப்ப வேண்டியிருந்ததாம். பருத்திப்பட்டு ஜனம் மொத்தமும் காதால் கேட்டுவிட்டது, எவனாவது முந்திவிட்டால் என்ன செய்வது என்று பயமாம். எங்கள் ஊரில் அன்றைக்குக் கலங்கரை விளக்கம் என்றால் ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அத்தை என்ன சொல்கிறாள் என்று மெதுவாகக் கேட்டேன். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"ரயில்வே பையனுக்கே குடுக்கணும்னுதான் நின்னா. ஆனா ஏரியில நடந்ததக் கேட்டதுலேர்ந்து அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே கீது. பூ கட்டும்போது சிரிக்குது, சோறு துன்னும்போது சிரிக்குது. ரயில்வேக்காரனை நெனச்சி இந்த ஊட்டுல யாரும் சிரிச்சதில்ல. உங்க அத்தையே பாத்துட்டு, போவுது போ, இவனையே கட்டு அப்டீன்னுட்டா."

உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. கலங்கரை விளக்கத்தைக் கண்டபோது உடம்பில் ஓடிய அதே சிலிர்ப்பு மறுபடியும் ஓடியது. அவள் மனசும் இவ்வளவு நாளாக எனக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

தை பிறந்து கல்யாணம் நடந்தது. சைக்கிள் மரகதத்தின் சீரோடு வந்தது. அது அவள் பெயரில் வந்த பரிசு, அதனால் நான் எங்கே போவதென்றாலும் அவளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்றுவரை அந்தச் சட்டம் மாறவில்லை, சைக்கிள்தான் மாறியது. கோடையில் ஏரி வற்றியபோது நேரே மதகுக்குப் போய்த் தூணைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன். பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. கல் தச்சன் உளியைக் கூர் பார்த்த நாலு கீறல் இருந்தது. மூடுமந்திரம் யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்தால் காலில் விழுந்திருப்பேன், பாவம் அவர் சங்கடப்பட்டிருப்பார்.

ஆனால் அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. சாவியைத் தேடினாலும் சரி, குடையைத் தேடினாலும் சரி, பையனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று மண்டையை உடைத்துக்கொண்டாலும் சரி, மரகதம் இருந்த இடத்திலிருந்தே சொல்வாள்: "ஏரியில போயி நின்னு பாருங்க, தெரியும்." பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டார்கள். வந்த மருமகள்கள், என்ன ஏது என்று தெரியாமலே, அடுத்த மாதத்திலிருந்து அவர்களும் சொன்னார்கள்.

போன வாரம் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி என் நெற்றியைப் பார்த்தாள். கண்ணாடி அங்கேதான் ஏறி உட்கார்ந்திருந்தது. சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லவில்லை. "தாத்தா, ஏரியில போயி நின்னு பாரு" என்றாள்.

உள்ளேயிருந்து மரகதத்தின் குரல் வந்தது. "போவும்போது அந்தக் கம்பத்தைக் கெட்டியா புடிச்சிக்கச் சொல்லுடி. எண்ண ஆரம்பிச்சா உட்டுடுவாரு."